பெங்களூர்ல மார்ஷ்மேலோ செடி வருஷக்கணக்கா நிக்குமா? நிக்கும், தண்ணிய மட்டும் குறைச்சுடாதீங்க

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: ராமமூர்த்தி நகர்ல தனி வீடு, பின்னாடி கொஞ்சம் மண்ணு தரை, மேல மொட்டை மாடி. ஆன்லைன்ல வாங்கின மார்ஷ்மேலோ விதை (அந்த மிட்டாய முதல்ல எந்த மூலிகையோட வேர்லேர்ந்து பண்ணினாங்களோ அந்தச் செடி) ரெண்டு தடவை போட்டும் முளைக்கல. இந்த ஊர்ல இது வருஷா வருஷம் துளிர்க்குமா இல்ல ஒரு சீசனோட போயிடுமா, வேர எப்ப தோண்டலாம், அதுலேர்ந்து பசங்களுக்கு சைவ மார்ஷ்மேலோ பண்ண முடியுமா. சரி, ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல செடி நிக்குமான்னா, நிக்கும். இங்க குளிரே இல்ல, வராதுன்னு நிறைய பேர் உங்களுக்கு சொல்லியிருப்பாங்க, ஆனா என் கணக்குல குளிர் ரெண்டாவது பிரச்சனைதான், முதல் பிரச்சனை தண்ணி. இது ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கம் கடலோர உப்புச் சதுப்புலயும் வாய்க்கா ஓரத்துலயும் ஈரப் புல்வெளியிலயும் தானா மண்டிக் கெடக்கற செடி, நம்ம நாட்டுல காஷ்மீர் பக்கம் இருக்கு. அதாவது காலு ஈரத்துல, தலை வெயில்ல, அதான் அதோட பழக்கம். நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா மூலிகைன்னு கேட்ட உடனே ரோஸ்மேரிக்கும் லாவெண்டருக்கும் போடற மணல் கலவைய ரெடி பண்ணி, மேல் மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்கங்கற அட்வைஸையும் சேத்து குடுத்துடறாங்க, அப்புறம் மார்ச் மாசம் செடி சுருண்டு போனா பெங்களூர் க்ளைமேட் ஒத்துக்கலன்னு ஊர் மேல பழி.

விதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், உங்க கையில இருக்கறது நெஜமாவே அந்தச் செடியோட விதைதானான்னு பாத்துக்கணும். பாக்கெட்ல அல்தியா அஃபிசினாலிஸ்னு தாவரப் பேர் இல்லன்னா வாங்காதீங்க. மார்ஷ்மேலோன்னு போட்டு ஹாலிஹாக்ங்கற அழகுப் பூச்செடியோட விதைய குடுக்கறவங்க இருக்காங்க, ரோஸ் மேலோன்னு தட்டு சைஸ்ல பூக்கற ஒரு செம்பருத்தி வகைய குடுக்கறவங்களும் இருக்காங்க. சிவாஜிநகர் யுனானி கடைங்கள்ல துக்மே கத்மின்னு கேட்டா விதை மலிவா கிடைக்கும், ஆனா அது மருந்துக்கு வர்ற சரக்கு, எந்த வருஷத்து விதைன்னே தெரியாது, ஹாலிஹாக் விதையே அந்தப் பேர்ல வர்றதும் சகஜம். தமிழ் மருந்து நூல்கள்ல சீமைத்துத்தின்னு வர்றது நீங்க தேடற இதே செடிதான், நாட்டு மருந்துக் கடைல கேக்கும்போது அந்தப் பேரையும் சொல்லிப் பாருங்க.

செடி வளந்த பிறகு கண்டுபுடிக்கறது சுலபம். இலைய ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க, மேலயும் கீழயும் வெல்வெட் மாதிரி சாம்பல் கலந்த பச்சைல மெத்துனு இருக்கும். பூ ரொம்ப பெருசு கிடையாது, 3-4 சென்டிமீட்டர்தான், வெளிர் ரோஸ் இல்லன்னா கிட்டத்தட்ட வெள்ளை, நடுவுல கத்தரிப்பூ கலர்ல மகரந்தம். பூவைத் திருப்பி அடியில பாத்தீங்கன்னா பச்சைக் கிண்ணத்துக்கு வெளியில இன்னொரு சின்னப் பச்சை வட்டம் இருக்கும், அதுல ஒல்லியா எட்டு ஒன்பது இதழ் எண்ணலாம். சாதாரண மேலோங்கற சொந்தக்காரச் செடின்னா அங்க தனித்தனியா மூணுதான் இருக்கும். ஹாலிஹாக்னா பூவே உள்ளங்கை அகலத்துக்கு வந்துடும், அதனால அங்க குழப்பமே வராது.

இப்ப விதை ஏன் முளைக்கலங்கறதுக்கு வரேன். வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் இருக்கற அதே குடும்பம்தான் இது, ஆனா வெண்டை விதைய ராத்திரி ஊறப்போட்டு காலைல நட்ட மாதிரி இத நட்டா பாதிக்கு மேல அப்படியே உக்காந்திருக்கும். விதைத்தோல் கெட்டி, அதோட குளிர் காலம் ஒண்ணு கடந்து போச்சுன்னு விதைக்குத் தெரியணும். அந்த ஊர்ல இலையுதிர் காலத்துல விதை உதிர்ந்து, பனியிலயும் ஈரத்துலயும் கெடந்து, வசந்தத்துலதான் முளைக்கும். நமக்கு அந்த வேலைய ஃப்ரிட்ஜ் பண்ணிக் குடுக்கும். நைஸ் உப்புக் காகிதத்துல விதைய வச்சு இன்னொரு காகிதத்தால லேசா ரெண்டு மூணு தடவை தேய்ங்க, பளபளப்பு போனா போதும், உள்ள வெள்ளை தெரியற அளவுக்கு தேய்ச்சுடாதீங்க. ஒரு ராத்திரி தண்ணில போட்டு, காலைல வடிச்சு, பிழிஞ்ச கோகோபீட்டோட (தேங்காய் நார்த் தூள்) கலந்து ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, காய்கறி ட்ரேல வச்சுடுங்க. ஃப்ரீசர் வேண்டாம். நாலுலேர்ந்து ஆறு வாரம் இருக்கட்டும். கோகோபீட் பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது, சொட்டுச்சுன்னா உள்ளயே பூஞ்சை புடிச்சுடும், வாரம் ஒருக்கா கவரத் திறந்து மூடுங்க, வீட்ல யாரும் அத வேஸ்ட்னு தூக்கிப் போடாம மேல பேர் எழுதி ஒட்டிடுங்க.

எந்த மாசம்ங்கறது முக்கியம். செப்டம்பர் கடைசில ஃப்ரிட்ஜுக்குள்ள போனா நவம்பர் முதல் வாரத்துல வெளிய வரும், அப்ப பெருமழை ஓஞ்சு ராத்திரி குளிர ஆரம்பிச்சிருக்கும், நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் கிடைக்கற அந்த இதமான காலத்துலதான் நாத்து வேர் புடிக்கணும். ஏப்ரல்ல போட்டா முளைச்சதும் வெயில்ல வதங்கும், ஜூலைல போட்டா நாத்து அடித்தண்டு அழுகிச் சாயும். அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல புதைக்காதீங்க. ரெண்டு மூணு வாரத்துல முளைக்கும், ஆனா எல்லாம் ஒண்ணா வராது, சிலது சாவகாசமா வரும், அதனால ட்ரேய அவசரப்பட்டு கொட்டிடாதீங்க. நாலஞ்சு இலை வந்ததும் நிரந்தர இடத்துக்கு மாத்திடுங்க, தள்ளிப் போட்டா அடில வேர் மொத்தமாகி சுத்திக்கும், அப்புறம் பிடுங்கி நட்டா கோச்சுக்கும்.

இடம். உங்க வீட்டு பின்பக்கத்துல மழை பெஞ்சா எங்க கடைசி வரைக்கும் ஈரம் நிக்குதுன்னு பாருங்க, மத்த செடிக்கெல்லாம் அழுகும்னு நீங்க ஒதுக்கின மூலை எதுவோ அதுதான் இதுக்கு. காலை வெயில் அஞ்சாறு மணி நேரம் நல்லா விழணும், மார்ச்லேர்ந்து மே வரைக்கும் மட்டும் மத்தியானம் மூணு மணிக்கு அடிக்கற வெயில் மேல படாம ஏதாவது மறைப்பு இருந்தா நல்லது. நம்ம செம்மண்ணு அப்படியே போட்டா காஞ்சதும் இறுகிடும், அதனால மூணுல ஒரு பங்கு நல்ல மக்குன எருவோ வெர்மி கம்போஸ்ட்டோ கலந்துடுங்க. செடிக்குச் செடி ரெண்டடி விடுங்க, இது நாலு அடி அசால்ட்டா போகும், ஆறடியும் போகறதுண்டு, சின்னதா இருக்கும்போது இவ்ளோ இடம் எதுக்குன்னு தோணும், தோணட்டும். ஆனா ஒண்ணு, ஈரமா இருக்குன்னு ராஜகாலுவேன்னு சொல்ற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரத்துலயோ, பாத்ரூம் தண்ணி போற சாக்கடை பக்கத்துலயோ நட்டுடாதீங்க. நாம சாப்பிடப் போறது வேரை, மண்ணுல என்ன கலக்குதோ அதுல தான் அந்த வேர் ஊறிட்டு கெடக்கும்.

மாடிலதான் வைக்கணும்னா க்ரோ பேக் வேண்டாம், அது நாலு பக்கமும் காஞ்சுடும். பாதியா வெட்டுன நீல ட்ரம் நல்லது. அடியில ஓட்டை போடாம, அடியிலேர்ந்து நாலு விரக்கடை மேல பக்கவாட்டுல மட்டும் ரெண்டு ஓட்டை போடுங்க. ஓட்டைக்குக் கீழ எப்பவும் தண்ணி தேங்கி மண்ணுக்குள்ளயே நிக்கும், அதிகமானது பக்கவாட்டுல வழிஞ்சுடும், செடிக்கு அடி ஈரமும் மேல மூச்சும் ரெண்டும் கிடைச்ச மாதிரி. கீழ தட்டு வச்சு தண்ணி ஊத்தி வைக்கறவங்க உண்டு, அத நான் சொல்ல மாட்டேன், டெங்கு கொசு அந்தத் தட்டுலதான் முட்டை போடும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நீங்க பதில் சொல்லணும்.

தண்ணிக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. 2024 மார்ச்ல குடிநீர தோட்டத்துக்கு ஊத்தினா 5,000 ரூபா ஃபைன்னு வாட்டர் போர்டே ஆர்டர் போட்டது ஞாபகம் இருக்கும். இந்தச் செடிக்கு காவேரித் தண்ணிதான் வேணும்னு ஒரு அவசியமும் இல்ல. உப்புச் சதுப்புல வளர்ற ஜாதிங்கறதால, மத்த செடிங்க முகம் சுளிக்கற கடினமான போர் தண்ணி, ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ற தண்ணி, இதெல்லாம் இது தாங்கும். ட்ரம்ல ஊத்தறதா இருந்தா மட்டும் மழைக்காலத்துல நல்லா ஒரு அலசு அலசி உப்பு வெளிய போக விடுங்க. அரிசி கழுவின தண்ணி, காய் அலசின தண்ணி தாராளமா ஊத்தலாம். வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணி மட்டும் வேண்டாம், காரணம் மேல சொன்னதுதான். அடில காஞ்ச சருகு நாலு விரல் கனத்துக்கு பரப்பி வச்சிடுங்க, பிப்ரவரில பார்க் வாசல்ல மூட்டை மூட்டையா கட்டி வச்சிருப்பாங்க, கேட்டா சந்தோஷமா குடுத்துடுவாங்க. 2016 ஏப்ரல்ல இந்த ஊர்லயே 39 டிகிரி தாண்டுச்சு, அந்த மாதிரி வெயில்ல இந்தச் சருகு இருக்கற பாத்திக்கும் இல்லாத பாத்திக்கும் வித்தியாசத்த கண்ணால பாக்கலாம்.

இப்ப நீங்க கேட்ட அந்த வருஷா வருஷம் துளிர்க்கற விஷயம். குளிர் நாட்டுல குளிர்காலம் வந்தா மேல இருக்கறது மொத்தமும் பட்டுப்போய், வசந்தத்துல அடிக்கட்டைலேர்ந்து புதுசா கிளம்பும். இங்க அந்த அளவுக்குக் குளிர் இல்ல, ஜனவரி ராத்திரில 15 டிகிரி கிட்ட வந்தாலே நாம ஸ்வெட்டர் எடுக்கற ஊர், அதனால செடிக்கு எப்ப தூங்கணும்னு தெரியாம பழைய தண்டுலயே அரைகுறை இலையோட இழுத்துட்டு நிக்கும். அத நாமதான் தூங்க வைக்கணும். டிசம்பர் கடைசில தரையிலேர்ந்து ஒரு சாண் விட்டுட்டு மொத்தத் தண்டையும் வெட்டிடுங்க, தண்ணிய பாதியா குறைங்க, உரம் எதுவும் போடாதீங்க. பிப்ரவரில அடியில மொக்கு கிளம்பறது தெரிஞ்சதும் ரெண்டு கை மக்கு உரம் போட்டு பழையபடி தண்ணி குடுங்க. இந்த ஓய்வு குடுக்காத செடி தேய்ஞ்சுட்டே போகும். மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா அடிக்கட்டைய மொக்கோட ரெண்டா மூணா பிரிச்சு நட்டுக்கிட்டே இருங்க, ஊட்டி கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது, குளிரே அந்த வேலையப் பாத்துக்கும்.

பூச்சி நோய்ல பெருசா பயப்பட வேண்டியது துரு நோய்க்குத்தான். மழை சீசன்ல இலை மேல சின்னச் சின்னதா மஞ்சப் பொட்டு தெரியும், திருப்பிப் பாத்தா ஒவ்வொரு பொட்டுக்கும் நேர் கீழ ஆரஞ்சு, பிரவுன் கலர்ல ஒரு குட்டிக் கொப்புளம் துருத்திட்டு இருக்கும். அடி இலைல ஆரம்பிச்சு மேல ஏறும். பாத்த உடனே அந்த இலைங்கள கிள்ளி கவர்ல கட்டி குப்பைல போடுங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க, தண்ணிய இலை மேல ஊத்தாம அடில ஊத்துங்க. ஹாலிஹாக்கும் இதே நோய வாங்கும், அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. செம்பருத்தி இருக்கற வீட்ல மாவுப்பூச்சி இதுக்கும் ஏறும், எறும்பு வரிசை ஏறுதான்னு பாருங்க, எறும்பு வந்தா பின்னாடியே மாவுப்பூச்சின்னு அர்த்தம், தண்ணிய வேகமா பீச்சி அடிச்சுட்டு சாயங்காலமா வேப்பெண்ணெய சோப்புக் கரைசலோட அடிங்க. விதை முத்தும்போது செவப்பு பருத்திப் பூச்சி கூட்டமா வந்து உக்காரும், அது செடிய கொல்லாது, விதையத்தான் உறிஞ்சும், விதை வேணும்னா மெல்லிசா ஒரு துணிப்பை கட்டிடுங்க.

வேர் ரெண்டு வருஷம் முடியாம தோண்டாதீங்க. முதல் வருஷ வேர் பென்சில் கனம்தான் இருக்கும், தோண்டினா செடியும் போச்சு வேரும் இல்ல. வேர்ல இருக்கற வழவழப்பு சத்து குளிர் மாசங்கள்லதான் உச்சத்துல இருக்கும், பதினொரு சதவீதம் வரைக்கும் போகும்னு அளந்து வச்சிருக்காங்க, கோடைல அது கிட்டத்தட்ட பாதியாயிடும். அதனால டிசம்பர்ல தண்டை வெட்டிட்டு ஜனவரில தோண்டறது நமக்கு தோதா அமையும். மொத்தமா பிடுங்காம ஒரு பக்கமா பள்ளம் எடுத்து, விரல் கனமான பக்க வேர்கள மட்டும் வெட்டிக்கிட்டு, நடுக்கட்டைய தொடாம மண்ணைத் தள்ளி மூடிடுங்க. வேரைக் கழுவி, மேல்தோல சீவிட்டு, சின்னச் சின்னத் துண்டா நறுக்கி ஃபேனுக்கு அடில பரப்புங்க. உள்ள பளீர்னு வெள்ளையா இருக்கும், கையெல்லாம் கொழகொழன்னு ஆகும். இந்த வழவழப்பே ஈரத்த இழுத்து வச்சுக்கும், சரியா காயலன்னா நாலு நாள்ல பூஞ்சை பூத்துடும், ஜனவரி காத்து வறண்டு இருக்கறது அதுக்கும் ஒரு சௌகரியம். ஒடிச்சா டக்குனு ஒடியணும், வளைஞ்சா இன்னும் காயலன்னு அர்த்தம்.

குடிக்கறதுக்கு கொதிக்க வைக்காதீங்க. வேர்ல மாவுச்சத்தும் நிறைய, கொதிச்சா அதுவும் இறங்கி கஞ்சியா ஆகிடும். ஒரு டேபிள்ஸ்பூன் காஞ்ச வேர ஒரு டம்ளர் பச்சைத்தண்ணில ராத்திரி போட்டு மூடி வச்சீங்கன்னா காலைல தண்ணி வெளிர் மஞ்சளா, ஸ்பூன்ல எடுத்து விட்டா நூலா இழுக்கற பதத்துல இருக்கும். வடிச்சு அன்னைக்கே குடிச்சுடுங்க, வச்சு வச்சுக் குடிக்காதீங்க, கெட்டுடும். வறட்டு இருமல், தொண்டைக் கரகரப்பு, லேசான வயித்து எரிச்சல், இதுக்கெல்லாம் ஐரோப்பால ரொம்ப நாளா இருக்கற பழக்கம் இது, ஐரோப்பிய மருந்து ஏஜென்சியே பாரம்பரிய உபயோகம்னு இதப் பதிவு பண்ணி வச்சிருக்கு. தொண்டைல வயித்துல ஒரு படலமா படியறதுதான் இதோட வேலை, அதே படலம் மாத்திரை உடம்புல சேர்றதயும் தாமதமாக்கும், அதனால தைராய்டு மாத்திரையோ வேற எதுவோ வீட்ல யாராவது போடறாங்கன்னா ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. சுகர் மாத்திரை எடுக்கறவங்க, மாசமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடவே வேண்டாம். இருமல் வாரக்கணக்கா போனாலும் வேரத் தேடாதீங்க, டாக்டரத் தேடுங்க.

உங்களுக்கு வேணுங்கறது தொண்டைக்கு வேர் மட்டும்தான்னா இவ்ளோ மெனக்கெடாதீங்க, நம்பிக்கையான நாட்டு மருந்துக் கடைலயோ யுனானி கடைலயோ காஞ்ச வேர் கொஞ்சம் வாங்கிக்கோங்க, அது சல்லிசு. செடி வளக்கறது பூவுக்காகவும் அந்த இலைக்காகவும்னா மட்டும் இறங்குங்க. தேனீ அந்தப் பூவ விடவே விடாது. இளசான இலையையும் பூவையும் சாலட்ல போடலாம், இலைல பூனைமுடி இருக்கறதால நைஸா நறுக்கணும், எனக்கு அது அவ்ளோவா பிடிக்கல, எங்க வீட்ல விரும்பி சாப்பிடறவங்களும் இருக்காங்க.

கடைசியா பசங்க மார்ஷ்மேலோ. 19ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இந்த வேரோட சாறையும் சக்கரையையும் முட்டை வெள்ளையோட அடிச்சுத்தான் அந்த மிட்டாய் பண்ணினாங்க, அப்புறம் வேருக்கு பதிலா ஜெலட்டின் வந்துடுச்சு, இப்ப கடைல விக்கற பாக்கெட்ல இந்தச் செடி துளி கூட கிடையாது. ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்னித் தோல்லேர்ந்து எடுக்கறது, அதனால சைவம்னா பச்சைப் புள்ளி இருக்கற பாக்கெட்டாப் பாத்து வாங்குங்க, அதுல கடல்பாசிலேர்ந்து எடுக்கற பொருள போட்டிருப்பாங்க. உங்க வேர வச்சு வீட்ல பண்ணலாமான்னா, பழைய முறைல நுரை பொங்கறதுக்குக் காரணமே முட்டை வெள்ளை, வேர்ச்சாறு அந்த நுரைய புடிச்சு வைக்கத்தான். முட்டை உங்க வீட்ல ஓகேன்னா முயற்சி பண்ணுங்க, ஆனா கடைல கிடைக்கற மாதிரி ரப்பரா இழுக்காது, வாயில வச்சா கரையற சாஃப்ட் மிட்டாயா வரும், ரெண்டு நாளைக்குள்ள தின்னு தீர்த்துடணும். முட்டையே கூடாதுன்னா வெறும் வேர்ச்சாற எவ்ளோ நேரம் அடிச்சாலும் அந்த உப்பல் வராது, கடல்பாசின்னு கடைல விக்கற அகர் அகர் வாங்கி பண்ணிக்கோங்க, ரெண்டு வருஷம் காத்திருந்து தோண்டுன வேர அதுல வீணாக்காதீங்க.